உட்கார்ந்தால் இரண்டு புள்ளி மூன்று

எங்கள் ஊர் நலக்காப்பீட்டு அலுவலகத்தில் நோயாளிகள் உட்கார இடம் கிடையாது. அதைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததில்லை. புகார் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னாலும் நிற்கத்தான் வேண்டும்.

ரத்தம் எடுக்கும் அறையில் முன்பு ஒரு நாற்காலி இருந்தது. இப்போதும் இருக்கிறது. பச்சை ரெக்ஸின் போட்ட, கைவைத்த, நல்ல நாற்காலி. ஆனால் எங்கள் நாட்டில் அரசாங்கப் பொருள் என்றால், அது துடைப்பமே ஆனாலும், யாராவது ஒருவரின் பொறுப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொலைந்தால் அவர் தலையில் விடியும். இந்த நாற்காலி ஃபத்ஹல்லா என்ற ஊழியரின் பேரில் இருந்தது. ஃபத்ஹல்லா ஓய்வு பெற்றார். பொறுப்பை ஒப்படைக்க அலுவலகத்துக்கு வரும் வழியில் இறந்துபோனார். ஒப்படைக்காத பொருளை யாரும் தொடக்கூடாது என்பதால் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டார்கள். அதன் பக்கத்தில் நின்றபடிதான் ஊரே ரத்தம் கொடுக்கிறது. அந்த அறையின் கட்டிலும் அவர் பேரில்தான் இருந்ததாம்.

இந்த விவரமெல்லாம் ஷஹாத்தாவுக்குத் துணையாகப் போகிற வரையில் எனக்குத் தெரியாது. ஷஹாத்தா உப்புமீன் வியாபாரி. கால்வாய்க்கரைக் கடைத்தெருவில் அவன் கடைக்கும் என் அத்தர் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இத்தனை வருடத்தில் எந்த வாசனை ஜெயித்தது என்று என் வாடிக்கையாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் ஆள் தங்கம். அந்த வருடம் அவனுக்கு வயிறு பெருக்க ஆரம்பித்தது. வியாபாரம் நன்றாக நடப்பதன் அடையாளம் என்று முதலில் அவன் பெருமைப்பட்டுக்கொண்டான். பிறகு காலும் வீங்கியது. அவன் மனைவி இன்ஷிராஹ் கடை வாசலிலேயே அவனைக் கேட்டாள்.

"ஏ மனுஷா, எனக்கு மூணு தடவ இப்படி வயிறு வந்துச்சு. ஒவ்வொரு தடவயும் ஒரு புள்ள கெடச்சுது. உனக்கு என்ன கெடைக்கப் போவுது?"

டாக்டர் மிர்ஃபத் தர்ம ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பொறுமையான பெண்மணி. ஷஹாத்தாவைப் படுக்கவைத்து, சற்று நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கல்லீரல் கெட்டிருக்கிறது. ஆல்புமின் என்ற புரதத்தைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. ரத்தத்திலிருக்கும் தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்துவைப்பது அதன் முக்கியமான வேலை. நல்ல உடம்பில் மூன்றரைக்கு மேல் இருக்கவேண்டியது இவனுக்கு இரண்டு புள்ளி மூன்றுதான் இருக்கிறது. பிடித்துவைக்க ஆள் போதாமல் தண்ணீர் கசிந்து வயிற்றில் தேங்கிவிட்டது. ஊசி குத்தி அதை இறக்க வேண்டும். ஆனால் அவ்வளவு தண்ணீரை இறக்கும்போது கூடவே ஆல்புமின் ஏற்றாவிட்டால் சிறுநீரகம் படுத்துவிடும். நான்கு பாட்டில் வேண்டும். வெளியே வாங்கக் கட்டுப்படியாகாது, காப்பீட்டில் வாங்கிக்கொண்டு வாருங்கள், தாமதிக்காதீர்கள் என்றார். உப்பையும் அறவே நிறுத்தச் சொன்னார்.

"நான் உப்புமீன் விக்கிறவன், டாக்டர்."

"விக்கலாம். திங்கக் கூடாது."

காப்பீட்டு அலுவலகத்தில் விதி எளிமையானது. ஆல்புமின் இரண்டரைக்குக் கீழே இருந்தால் பாட்டில் உண்டு. மேலே இருந்தால் கிடையாது. ஷஹாத்தாவுக்கு இரண்டு புள்ளி மூன்று. ஆகவே வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த சீட்டை ஐந்தாம் ஜன்னலில் நீட்டினோம். அங்கே மதாம் இஹ்லாஸ் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விதிப்படி நல்லவர். வெளியே எடுத்த ரத்தம் வெளி ரத்தம், இங்கே எடுப்பதுதான் ரத்தம் என்று விளக்கி, வரிசையைக் காட்டினார்.

விடிந்ததும் வந்து வரிசையில் நின்றோம். பகல் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது ஷஹாத்தா அரக்கு முத்திரை வைத்த நாற்காலியின் பக்கத்தை அடைந்து, நின்றபடியே கையை நீட்டினான். இரண்டு நாள் கழித்து மதாம் இஹ்லாஸ் முகமெல்லாம் சிரிப்பாக முடிவைச் சொன்னார்.

"மப்ரூக், ஹாஜி. ரெண்டு புள்ளி ஆறு. உங்களுக்குப் பாட்டில் தேவையில்ல. வீட்டுக்குப் போயி சந்தோஷமா இருங்க."

ஷஹாத்தா அந்தப் பெரிய வயிற்றோடு அவருக்கு நன்றி சொன்னான். வாழ்த்தினால் நன்றி சொல்லிப் பழக்கப்பட்டவன். இன்ஷிராஹ்தான் அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் படுக்கவைத்து மறுபடி பார்த்தார். அதே இரண்டு புள்ளி மூன்று. அங்கே எப்படி ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டார். நிற்கவைத்து என்றோம். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்றார். காலையிலிருந்து என்றோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டீயக் கொதிக்க வச்சு சுண்டவிட்டா என்ன ஆகும்? இனிப்பு தூக்கலா இருக்கும். சக்கரைய யாராவது கூடப் போட்டாங்களா? இல்ல, தண்ணி கொறஞ்சுபோச்சு. அதே கததான் இது. ரொம்ப நேரம் நின்னா ரத்தத்துல இருக்கற தண்ணி குழாய விட்டுக் கசிஞ்சு கால்பக்கம் எறங்கும். ஆல்புமின் பெருசு, அது வெளிய போவாது, உள்ளயே கெட்டியா நிக்கும். அளந்தா கூடுதலாக் காட்டும். உன் கல்லீரல் ஒரு சொட்டும் கூடப் பண்ணல, ஷஹாத்தா. கொஞ்ச நேரம் உக்காந்து ஓய்வா இருந்துட்டுக் கையக் குடு, சரியா வந்துடும்."

அவ்வளவுதானே, உட்கார்ந்தால் போதுமே என்று எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. மறுநாள் இன்ஷிராஹ் வீட்டிலிருந்து ஒரு மர நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் காவலாளி அஷ்மாவி மறித்தான். அரசாங்கக் கட்டடத்துக்குள் தனியார் நாற்காலி நுழைய முடியாது. நுழைந்தால் திரும்பப் போகும்போது அது அரசாங்க நாற்காலி இல்லை என்று யார் நிரூபிப்பது? அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரே வழிதான் உண்டு, நாற்காலியை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிடுவது. கொடுத்தோம். உடனே அடுத்த கேள்வி வந்தது: அரசாங்க நாற்காலி என்றால் யார் பொறுப்பு? அலுவலகத்தில் ஒருவரும் முன்வரவில்லை. ஃபத்ஹல்லாவின் கதி எல்லோருக்கும் தெரியும். கடைசியில் மதாம் இஹ்லாஸ் ஒரு யோசனை சொன்னார். கொண்டுவந்த வீட்டுக்காரரே பொறுப்பேற்கட்டும். ஷஹாத்தா தன் சமையலறை நாற்காலிக்குப் பொறுப்பாளனாகக் கையெழுத்துப் போட்டான். அது தாழ்வாரத்தில் வைக்கப்பட்டது. அவன் அதன் மேல் உட்காரப் போனான்.

"பொறுப்புல இருக்கற பொருள நோயாளிங்க உபயோகிக்கக் கூடாது, ஹாஜி," என்றான் அஷ்மாவி. "பொறுப்பாளர் நீங்கதான். நோயாளிங்க யாரும் உக்காராம நீங்கதான் பாத்துக்கணும்."

அன்று முழுதும் ஷஹாத்தா தன் நாற்காலியில் தான் உட்கார்ந்துவிடாமல் காவல் காத்தான். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு புள்ளி ஏழு. மதாம் இஹ்லாஸ் முன்பைவிட அதிகமாக வாழ்த்தினார்.

அடுத்த தடவை இன்ஷிராஹ் தாழ்வாரத்துத் தரையில் போர்வையை விரித்து அவனைப் படுக்கவைத்தாள். தரைக்குக் கையெழுத்து வேண்டாமே. கால் மணி நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து, படுத்திருப்பவர் உள்நோயாளி, இந்தக் கட்டடம் வெளிநோயாளிகளுக்கானது, உள்நோயாளிகளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில்தான் பார்ப்பார்கள் என்றார். அந்தப் பக்கம் போனோம். நடந்து வந்தவரை உள்நோயாளியாகச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் ஷஹாத்தாவின் முகம் மஞ்சளாகிவிட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது. இரவில் படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்தே தூங்கினான். இவன் செத்துப்போவான், வாழ்த்துகளோடு செத்துப்போவான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

ஆகவே டாக்டர் மிர்ஃபத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமை இயக்குநர் டாக்டர் இஸ்ஸத்தைப் பார்க்கப் போனோம். பெரிய அறை. சுழலும் தோல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நிற்க நல்ல கம்பளம் போட்டிருந்தது. சுவரில் ஒரு வரைபடம், மேல்நோக்கி ஏறும் பச்சைக்கோடு. மேசைமேல் கெய்ரோவிலிருந்து வந்த கண்ணாடிக் கேடயம். கடிதத்தை அவர் படித்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை.

"நான் இங்க பொறுப்பெடுத்தப்ப இந்த மாவட்டத்தோட ஆல்புமின் எந்த நெலமையில இருந்துச்சு தெரியுமா? படுத்துக் கெடந்துச்சு. நான் ஒரு மருந்து கூடுதலா வாங்கல. ஒரு டாக்டரப் புதுசாப் போடல. அந்த நாற்காலிக்கு முத்திர வச்சேன், அவ்வளவுதான். அன்னிக்கு ஏற ஆரம்பிச்ச கோடு, பாருங்க, இன்னும் எறங்கல. முன்னெல்லாம் பாட்டிலுக்கு வரிச வாசல் வரைக்கும் நிக்கும். இப்ப மாசத்துக்கு நாலு பேர்."

மீதிப் பேர் என்ன ஆனார்கள், பாஷா, என்று நான் கேட்டேன்.

"கொணமாயிட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

"திரும்பி வரவே இல்லயே. கொணமாகாதவன் திரும்பி வருவான்ல?" அவர் நாற்காலியை லேசாகச் சுழற்றினார். "உங்க டாக்டரம்மா சொல்றது மருத்துவம். அத நான் மறுக்கல. ஒரு மனுஷனுக்குப் படுக்கையில ஆல்புமின் எவ்வளவுங்கறது அவன் குடும்ப விஷயம். அரசாங்கத்துக்கு முன்னால வந்து நிக்கறப்ப எவ்வளவுங்கறதுதான் எங்க கணக்கு."

இன்ஷிராஹ் வாயைத் திறப்பதற்குள் எங்களுக்குக் கேடயத்தைக் கையில் கொடுத்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஷஹாத்தா அதை வயிற்றின் மேல் வைத்துப் பிடித்திருந்தான், வசதியாக இருந்தது. குணமானவர்களின் பட்டியலில் அந்தப் படம் இப்போதும் தாழ்வாரத்தில் தொங்குகிறது.

பிழைக்க வழி வந்தது, நாங்கள் நினைக்காத திசையிலிருந்து. வருடாந்திரச் சரக்குச் சோதனைக்கு வெளியூரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அலுவலகத்தின் ஒவ்வொரு பொருளையும் அதன் பொறுப்பாளர் முன்னிலையில் பார்த்து, உபயோகத்துக்குத் தகுந்ததா என்று எழுத வேண்டும். ஷஹாத்தாவுக்கும் ஆஜராகும்படி ஓலை வந்தது. மூச்சிரைக்கப் போய் நின்றான். அவர்கள் சமையலறை நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார்கள். கால் ஆடுகிறது என்றார் ஒருவர். இல்லை, தரை ஆடுகிறது என்றார் இன்னொருவர். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் பொறுப்பாளரைத் தவிர யாரும் பொருளைத் தொடக்கூடாது.

"உக்காருங்க, ஹாஜி. நாங்க எழுதி முடிக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

ஷஹாத்தா உட்கார்ந்தான். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நோயாளி உட்கார்ந்தது அன்றுதான். அதிகாரிகளுக்கு டீ வந்தது. மொச்சை மசியல் வைத்த ரொட்டி வந்தது. நான்காம் கால் மற்ற மூன்று கால்களோடு பிறந்ததா, பின்னால் சேர்க்கப்பட்டதா என்ற விவாதம் வந்தது. ஷஹாத்தா கண்ணை மூடிக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தான். துணைக்கு வந்திருந்த இன்ஷிராஹ் நேராக ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனாள். என் புருஷனுக்கு மறுபரிசோதனை பாக்கி இருக்கிறது, அவர் வர முடியாது, அரசாங்க வேலையில் இருக்கிறார், நீங்கள் வாருங்கள் என்றாள். அரசாங்க வேலை என்றதும் ரத்தம் எடுக்கிறவர் குழாயோடு ஓடிவந்தார்.

முடிவு இரண்டு புள்ளி மூன்று. அலுவலகத்தின் சொந்த ரத்தம், அலுவலகத்தின் சொந்த முத்திரை. மதாம் இஹ்லாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்த்துச் சொல்ல முடியாத வருத்தத்தோடு நான்கு பாட்டில்களைக் கொடுத்தார்.

டாக்டர் மிர்ஃபத் அன்றே பாட்டில்களை ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரை இறக்கினார். சாயங்காலம் ஷஹாத்தா கட்டிலில் உட்கார்ந்து கீழே பார்த்தான். தன் கால்களை அவன் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கால் நகத்தை யார் இவ்வளவு நன்றாக வெட்டிவிட்டது என்று கேட்டான். வேறு யார் வெட்டுவாங்க, உன் தலைமை இயக்குநரா என்றாள் இன்ஷிராஹ். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் என்பதை எதற்கு மறைக்க வேண்டும்?

சிகிச்சைக்குப் பின் மீண்டும் அலுவலகத்தில் சோதித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. காட்டினான், நின்றபடி. மூன்று. பத்து நாளில் கடிதம் வந்தது. இரண்டரைக்கு மேல் உள்ள குடிமகனுக்கு அரசாங்க ஆல்புமின் வழங்கப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது, அதைத் திருப்பித் தரவும். இன்ஷிராஹ் காலிப் பாட்டில்களையும் புருஷனையும் கொண்டுபோய் ஐந்தாம் ஜன்னலில் வைத்தாள்.

"பாட்டில் சரியா இருக்கு," என்றார் மதாம் இஹ்லாஸ். "உள்ள இருந்தது?"

"உள்ள இருந்தது இவருக்குள்ள இருக்கு."

"அது அரசாங்கச் சொத்து, மதாம்."

"அப்ப எடுத்துக்குங்க. ஊசியக் கொண்டாங்க. ஆனா அதுக்காவது அவர உக்கார வைங்க."

மதாம் இஹ்லாஸ் மாடிக்குப் போய்த் தலைமை இயக்குநரைக் கேட்டுவிட்டு வந்தார். சொத்தை எடுத்தால் பாத்திரம் உடையும், உடைந்தால் விசாரணை வரும், ஆகவே இருக்கும் இடத்திலேயே பொறுப்பில் எழுதிவிடலாம் என்பது உத்தரவு. அழகான கையெழுத்தில் எழுதினார்: மனித ஆல்புமின், நான்கு பாட்டில் அளவு, இருக்குமிடம், ஷஹாத்தாவின் ரத்தம், நிலை, உபயோகத்தில், பொறுப்பாளர், மேற்படி ஷஹாத்தா. அவன் தன் ரத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து தெருவைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தான். அடிபட்டால் அரசாங்கச் சொத்துச் சேதமாயிற்றே என்பான்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு சாக்ஸ் தடம் காலில் பதிய ஆரம்பித்தது. டாக்டர் மிர்ஃபத் ஆச்சரியப்படவில்லை. ஏற்றிய ஆல்புமின் நிலைத்து நிற்காது. மூன்று வாரத்தில் பாதி தேய்ந்துபோகும், புதிதாகச் செய்ய இவன் கல்லீரலால் முடியாது, மறுபடி ஏற்றத்தான் வேண்டும் என்றார். ஷஹாத்தா அதைக் கேட்டு நடுங்கிப்போனான். நோய்க்காக இல்லை.

"சொத்த நான் தொலைச்சுட்டேன்னு ஆயிடும், அண்ணே. புடிச்சு உள்ள போட்டுடுவாங்க."

இன்ஷிராஹ் அவனை மறுபடி ஐந்தாம் ஜன்னலுக்கு இழுத்துப்போனாள். திரும்பவும் அந்த வரிசை, திரும்பவும் அந்த வாழ்த்து, திரும்பவும் இரண்டு புள்ளி ஆறு என்று நினைத்து வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வந்தாள். ஜன்னலை அடைந்ததும் வெடித்தாள்.

"பாட்டில் கேக்க வரல. நீங்க குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். உங்க சொத்து கொறஞ்சுபோச்சு, அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பாதிதான் மிச்சம். வந்து பாத்துக்குங்க."

மதாம் இஹ்லாஸின் முகம் வெளுத்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"அரசாங்கச் சொத்து கொறஞ்சுபோச்சா? எப்ப? ஏன் முன்னாடியே சொல்லல?" என்றவர் உள்ளே ஓடி நான்கு பாட்டில்களை எடுத்துவந்தார். "இந்தாங்க, ஒடனே நெரப்புங்க. மாசாமாசம் வாங்க. பராமரிப்புன்னு எழுதிக்கறேன்."

ஷஹாத்தா நம்பாமல் கேட்டான். "ரத்தம் பாக்க வேணாமா, மதாம்? ரெண்டரை?"

"அது நோயாளிக்கு, ஹாஜி. நோயாளியா வந்திருந்தீங்கன்னா நிச்சயமா இல்லன்னு சொல்லியிருப்பேன்." சொல்லிக்கொண்டே தன் நாற்காலியை ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் கொடுத்தார். "மொதல்ல உக்காருங்க. சொத்த நிக்க வச்சு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

ஷஹாத்தா பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வரிசை மொத்தமும் அவனையே பார்த்தது. முன்னால் நின்ற ஒரு பெரியவர், அவருக்கும் வயிறு முன்தள்ளியிருந்தது, காவலாளியின் சட்டையை மெதுவாக இழுத்தார்.

"தம்பி, நானும் சொத்தா ஆகணும். அதுக்கு எந்த வரிச?"

"இதே வரிசதான், ஹாஜி," என்றான் அஷ்மாவி. "நில்லுங்க."